யார் தேய்த்த வழி

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு தப்பு செய்தேன். சட்டப்படி அது குற்றம்கூட இல்லை. போலீஸ் வராது, அபராதம் கிடையாது. மவுண்டன் பைக்கில் போகக்கூடாத ஒரு வழியில் முக்கால் மைல் இறங்கி வந்தேன், அவ்வளவுதான். இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு மாசம் அதை மறந்திருந்தேன்.

இடம், தெற்கு இங்கிலாந்தின் ரிட்ஜ்வே. ஏவ்பரி கல்வட்டத்துக்குப் பக்கத்தில் ஓவர்டன் ஹில்லில் தொடங்கி, வடகிழக்கே ஐவிங்ஹோ பீக்கன் வரைக்கும் 87 மைல். பாதிக்கு மேல் சுண்ணாம்புக் குன்றுகளின் முதுகிலேயே போகும். அதன் மேற்குப் பகுதி, தேம்ஸ் ஆற்றைத் தொடுகிற கோரிங் வரை, முழுக்க சைக்கிளுக்குத் திறந்திருக்கிறது. கோடையில் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசும். மழை பெய்துவிட்டால் அதே சுண்ணாம்பு டயரில் பற்பசை மாதிரி அப்பிக்கொள்ளும். பீச் மரங்களுக்கு நடுவில் வேலண்ட்ஸ் ஸ்மித்தி என்ற ஐயாயிரம் வருஷத்துக்கும் பழைய கல்லறை மேடு. அங்கே குதிரையைக் கட்டிவிட்டு ஒரு காசு வைத்தால், கண்ணுக்குத் தெரியாத கொல்லன் லாடம் அடித்து வைப்பான் என்று கதை. அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் மிதித்தால் அஃபிங்டன் வெள்ளைக் குதிரை. ‘பிரிட்டனின் மிகப் பழைய சாலை’ என்று ரிட்ஜ்வேயைப் பற்றி எழுதாத வழிகாட்டிப் புத்தகம் இல்லை. தொல்லியலாளர்கள் எல்லாரும் அதை ஏற்பதில்லை. ஆனால் இரண்டு பக்கமும் கோதுமை வயல், தலைக்கு மேல் ஒரு வானம்பாடி, கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனி, நடுவில் நாம் மட்டும் என்று போகும்போது யாருக்கும் அந்த வாதத்தில் அக்கறை இருக்காது.

அந்த ஞாயிறு இருட்டத் தொடங்கியிருந்தது. கார் கீழே கிராமத்தில் நின்றது. ஒரு கைகாட்டி மரம் வந்தது. நேராகப் போனால் பைவே, சைக்கிள் போகலாம், ஆனால் சுற்று. இடது பக்கம் சரிவில் இறங்கும் வழிக்கு மேல் ‘ஃபுட்பாத்’ என்று எழுதியிருந்தது. நம்மூர் பிளாட்பாரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே ஃபுட்பாத் என்றால் தனியார் நிலத்துக்குள் பொதுமக்கள் நடந்துபோக மட்டும் உரிமையுள்ள வழி. நான் நடைவழி என்று சொல்கிறேன். இன்னொன்று ப்ரைடில்வே, குதிரைவழி. அதில் நடக்கலாம், குதிரையில் போகலாம், சைக்கிளிலும் போகலாம். இரண்டு வழிகளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதே அகலம், அதே மண், அதே ஹாதார்ன் முள்வேலி. வித்தியாசம் பலகையில் மட்டும்.

இறங்கினேன்.

இறங்கும்போதே மனசுக்குள் வக்கீல் பேச ஆரம்பித்துவிட்டான். கெட்டிக்கார வக்கீல். அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் கிடையாது என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தொந்தரவு செய்கிறது.

அவனுடைய முதல் வாதம், அந்தப் பலகையை யார் வைத்தது? 1949-இல் தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்தபோது, நாட்டில் எங்கெங்கே பொதுவழி இருக்கிறது என்று வரைபடம் தயாரிக்கும்படி கவுண்டி கவுன்சில்களிடம் சொன்னார்கள். வேலை கடைசியில் ஊர்ச்சபைகளின் தலையில் விழுந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து, ஞாபகத்தில் இருந்ததைக் குறித்தார்கள். சிலர் பொறுப்பாகச் செய்தார்கள். சிலர் நிலக்காரரிடம் எதுக்கு வம்பு என்று விட்டார்கள். பழைய வண்டிப்பாதைகள் பல, யாரோ சோம்பிக் குறித்ததால் நடைவழியாகச் சுருங்கின. இன்றைக்கும் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு குதிரைவழி ஊர் எல்லை வரைக்கும் வரும், கோட்டைத் தாண்டியதும் நடைவழி ஆகிவிடும். குதிரை அங்கே வந்து என்ன, பறந்தா போயிருக்கும்? இங்கிலாந்தில் இப்படிப் பதிவான வழிகள் 1,80,000 கிலோமீட்டருக்கு மேல். அதில் சைக்கிள் போகக்கூடியது சுமார் ஐந்தில் ஒரு பங்கு.

ஆக, பலகையில் இருப்பது எழுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு எழுத்தரின் மறதியாகவும் இருக்கலாம். அதற்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும்?

இந்த வாதத்துக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. இங்கே ஒரு வழி எப்படிப் பொதுவழி ஆகிறது? 1932-இல் வந்த ஒரு சட்டமும், அதன் இடத்துக்கு வந்த 1980-ஆம் வருஷ நெடுஞ்சாலைச் சட்டமும் சொல்வது இதுதான். மக்கள் இருபது வருஷம் தடையில்லாமல் ஒரு வழியைப் பயன்படுத்தியிருந்தால், நிலக்காரர் அதைப் பொதுவுக்குக் கொடுத்துவிட்டதாகக் கொள்ளலாம். ஆனால் நிபந்தனை உண்டு. வேலியை உடைத்துப் போயிருக்கக் கூடாது. ஒளிந்து ஒளிந்து போயிருக்கக் கூடாது. மூன்றாவதுதான் விசித்திரம்: அனுமதி வாங்கிப் போயிருக்கவும் கூடாது. “ஐயா, போகட்டுமா?” என்று கேட்டு, அவர் “போங்க” என்று சொல்லியிருந்தால் அது அவருடைய தயவு. எத்தனை வருஷம் நடந்தாலும் உரிமை ஆகாது. அதனால்தான் விவரமான நிலக்காரர்கள் ‘அன்போடு அனுமதிக்கப்படுகிறது’ என்ற தோரணையில் பலகை வைக்கிறார்கள். அந்த அன்பு இருக்கிற வரைக்கும் அங்கே உரிமை முளைக்காது.

தமிழில் வழக்கு என்ற சொல்லுக்கு உலகத்தார் நடந்துகொள்ளும் முறை என்றும் பொருள், கோர்ட்டில் நடப்பதும் வழக்குதான். இந்த நாட்டு வழிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த ஒரு சொல் இரண்டு பொருளோடும் ஞாபகம் வருகிறது. நடந்தவர்களின் பழக்கமே கோர்ட்டில் சாட்சியாகிறது. கேட்காமல் நடந்தவர்களால்தான் இவ்வளவு வழிகளும் கிடைத்தன. பணிவாகக் கேட்ட தலைமுறைகள் பேரனுக்கு ஒன்றும் விட்டுப்போகவில்லை. அப்படியிருக்க, பலகையை மதிக்காத நான்தானே அந்தப் பரம்பரை?

வக்கீல் அடுத்து கிண்டர் ஸ்கௌட்டுக்குப் போனான். சைக்கிள் ஓட்டுகிற எவனும் கடைசியில் அங்கே போய்த்தான் நிற்பான். 1932 ஏப்ரல் 24. மான்செஸ்டர் பக்கத்து மில் ஊர்களிலிருந்து நூற்றுக்கணக்கான இளைஞர்கள், பீக் மாவட்டத்தில் டெவன்ஷயர் கோமகனின் வேட்டைக்காட்டுக்குள் வேண்டுமென்றே நுழைந்தார்கள். க்ரௌஸ் பறவைகளைச் சுடுவதற்காகப் பூட்டிவைத்திருந்த மலை அது. வருஷத்தில் சில நாள் வேட்டை, மீதி நாளெல்லாம் காவல். முன்னே நின்றவர் பென்னி ராத்மன், இருபது வயசு. காவலாளிகளோடு கைகலப்பு நடந்தது. பிறர் நிலத்தில் நுழைவது அன்றைக்கும் குற்றமில்லை என்பதால், கலகம் என்றும் அடிதடி என்றும் வழக்குப் போட்டார்கள். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். ராத்மனுக்கு நான்கு மாதம். எழுபது வருஷம் கழித்து, 2002-இல், அப்போதைய கோமகன் அதே இடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வந்த சட்டம் மலை, மேட்டுநிலம், பொதுநிலம் இவற்றில் வழியை விட்டு விலகி எங்கும் திரிகிற உரிமையைக் கொடுத்திருந்தது. நடப்பவர்களுக்கு மட்டும். ராத்மன் அன்றைக்கு ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று சைக்கிளில்தான் ஊருக்கு வந்து சேர்ந்தார். அவருடைய போராட்டம் பெற்றுத் தந்த உரிமையில் அவருடைய சைக்கிளுக்கு இடமில்லை.

இதில் எனக்கு உண்மையான ஆதங்கம் உண்டு. 1888-இல் பார்லிமென்ட் சைக்கிளை ‘வண்டி’ என்று அறிவித்தது. வண்டி என்றால் வண்டிச்சாலைதான். குதிரைவழியில் போகவே 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் 1955-லேயே ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப் என்று ஒரு சங்கம் வைத்து, சாதா டூரிங் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கணவாய்களைக் கடந்துகொண்டிருந்தார்கள் சிலர். மவுண்டன் பைக் என்ற பேரே அப்போது கிடையாது. ஆக நாங்கள் ஒன்றும் நேற்று வந்தவர்கள் இல்லை.

சரி, தேய்மானம்? சைக்கிள் டயர் மண்ணை அரிக்கிறதே என்பார்கள். பூட்ஸ் அரிப்பதில்லையா? 1965-இல் திறந்த பென்னைன் வே நெடுக, ஈரக் கரிமண்ணில் ஆயிரக்கணக்கான பூட்ஸ் மிதித்து, சில இடங்களில் வழி ஒரு தெருவை விட அகலமாகச் சேறாகிப்போனது. கடைசியில் தட்டையான கல்பலகைகள் பாவினார்கள். பல, இடிக்கப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தரைக்கற்கள். எந்தத் தரையில் நின்று வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மலைக்கு ஓடினார்களோ, அந்தத் தரையே பிற்பாடு மலை மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. இதை முதன்முதலாகக் கேட்டபோது கொஞ்ச நேரம் வேறெதுவும் ஓடவில்லை.

ஹாலோவே என்று ஒன்று உண்டு. டோர்செட், சர்ரி, சஸ்ஸெக்ஸ் பக்கம் மென்மையான மணற்பாறை உள்ள இடங்களில் அதிகம். நூற்றாண்டுக்கணக்கில் கால், குளம்பு, சக்கரம் எல்லாம் தேய்க்க, தேய்த்த தடத்தில் மழைத்தண்ணீர் ஓட, வழி அப்படியே நிலத்துக்குள் இறங்கிப் போயிருக்கும். சில இடத்தில் இரண்டு ஆள் ஆழம். பக்கச் சுவரில் மர வேர்கள் தொங்கும், மேலே கிளைகள் கூடி நடுப்பகலிலும் பச்சை இருட்டு. அதற்குள் சைக்கிளில் இறங்குவது இந்த நாட்டில் கிடைக்கிற பெரிய சந்தோஷங்களில் ஒன்று. இன்றைக்கு அதை எல்லாரும் பாரம்பரியம் என்கிறோம், படம் எடுக்கிறோம். ஆனால் அது என்ன? சேதாரம். அடுத்தடுத்து வந்தவர்கள் நிலத்தை அரித்த பள்ளம். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய மாட்டுவண்டி போட்ட பள்ளம் வரலாறு, நான் போட்டது நாசமா?

அன்றைக்கு இந்தக் கேள்வியோடு கீழே வந்து சேர்ந்தேன். வெற்றிதான். சைக்கிளைக் காருக்குப் பின்னால் மாட்டி, நாற்பது மைல் ஓட்டி வீட்டுக்கு வந்து, குழாயடியில் வைத்துக் கழுவினேன். அந்த ஊர் மண் எங்கள் வீட்டுச் சாக்கடையில் போனது.

பிப்ரவரி கடைசியில் அதே பக்கம் போனேன், இந்த முறை நடந்து. சுண்ணாம்புச் சரிவின் அடியில் மண் களிமண்ணாக மாறுகிற இடத்தில் ஒரு கேட் உண்டு. அதை ஒட்டி முழங்கை ஆழத்துக்கு நீளமான ஒரு பள்ளம், அதில் தண்ணீர். நடப்பவர்கள் தண்ணீரைச் சுற்றிப் போயிருக்கிறார்கள். சுற்றிப்போன இடமும் சேறாகவே, அதையும் சுற்றியிருக்கிறார்கள். ஒற்றையடிப் பாதை ஒரு சின்னக் களம் அளவுக்கு ஆகியிருந்தது. வேலியோரத்தில் ப்ரிம்ரோஸ் செடிகள் சேற்றில் அமுங்கிக் கிடந்தன. பள்ளத்தின் கரையில் டயர்த் தடங்கள். என்னுடைய டயரின் வடிவம் எனக்குத் தெரியும். ஆனால் அதே கம்பெனி டயரை ஆயிரம் பேர் வாங்குகிறார்கள். மழையும் பெய்திருந்தது. அந்தப் பள்ளம் நான் போட்டதா, நான் தொடங்கிவைத்ததா, எனக்கு முன்பே இருந்ததா, சொல்ல முடியாது. வக்கீல் உடனே சொன்னான்: பார்த்தாயா, நிரூபணம் இல்லை.

அவனை அங்கேயே நிறுத்திவிட்டு யோசித்துப் பார்த்தேன்.

அந்த மாட்டுவண்டிக்காரன் எனக்கு ஒப்பானவன்தானா? அவன் போட்ட பள்ளத்தில் அடுத்த வாரமும் அவன்தான் மாட்டிக்கொண்டான். சேற்றில் இறங்கிச் சக்கரத்தைத் தள்ளியதும் அவன்தான். போதாததற்கு 1555-இல் ஒரு சட்டம் போட்டு, ஊரார் வருஷத்துக்கு நான்கு நாள் கூலியில்லாமல் சாலை வேலை செய்ய வேண்டும் என்றார்கள். சீக்கிரமே அது ஆறு நாள் ஆனது. 1835 வரைக்கும் இது சட்டத்தில் இருந்தது. ரொம்ப ஒழுங்காகச் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம், முணுமுணுத்துக்கொண்டே ஏனோதானோவென்றுதான் செய்தார்கள். இருந்தாலும் ஒரு வழியைத் தேய்ப்பவனும் அதற்கு மண் போடுபவனும் ஒரே ஆளாக இருந்தான். எனக்கு அந்தக் கணக்கே இல்லை. நான் போட்ட பள்ளத்தை நான் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பிப்ரவரியில் தற்செயலாகப் பார்த்தேன்.

இங்கிருந்து ஒரு சுலபமான முடிவுக்குப் போகலாம்: வழி உள்ளூர்க்காரர்களுடையது, வெளியிலிருந்து வருகிறவர்கள் அடக்கி வாசிக்க வேண்டும். என்னால் அதை ஏற்க முடியாது. டெவன்ஷயர் கோமகனின் காவலாளிகள் சொன்னதும் அதுதான். நகரத்துக்காரன் வந்தால் பறவைகளைக் கலைப்பான், இடத்தின் அருமை தெரியாதவன், கதவைத் திறந்துபோட்டுப் போவான். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பார்லிமென்ட் சட்டம் மேல் சட்டமாகப் போட்டு, பொதுமேய்ச்சல் நிலங்களை வேலிக்குள் கொண்டுவந்ததும் நிலத்தை நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லித்தான். மொத்தம் 5000-க்கும் மேற்பட்ட சட்டங்கள். ரிட்ஜ்வேயே அதற்கு முன்னால் மேடு முழுக்கப் பரந்து கிடந்த தடங்களின் கூட்டம். இரண்டு முள்வேலிக்கு நடுவில் ஒரே கோடாக அதை நிறுத்தியது அந்தக் காலம்தான். ஆக, பராமரிப்பு என்ற வார்த்தையை யார் எப்போது சொன்னாலும் கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டு கேட்கப் பழக வேண்டும். வெளியாள் என்பதால் எனக்கு அந்தக் குன்றின் மேல் உரிமை குறைவு என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

என் சங்கடம் வேறு. உரிமைக்காக நான் எடுத்துவைத்த வாதம் எல்லாம் நடந்தவர்களிடமிருந்து கடன் வாங்கியது. இருபது வருஷம் நடந்து வழியை உண்டாக்கியவர்கள், ஜெயிலுக்குப் போனவர்கள். ஒளிந்து போகக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டே, ராத்மன் பத்திரிகைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனார். நான் இருட்டுகிற நேரமாகப் பார்த்து இறங்கினேன். எதிரில் யாராவது வந்திருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருப்பேன், அது எனக்குத் தெரியும். பரம்பரை என்றேனே, அதில் எனக்கு என்ன பங்கு?

1968-ஆம் வருஷச் சட்டத்தை இதற்குப் பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன். குதிரைவழியில் சைக்கிளை அனுமதிக்கிற அதே பிரிவில், நடப்பவர்களுக்கும் குதிரையில் வருகிறவர்களுக்கும் சைக்கிள் வழிவிட வேண்டும் என்று இருக்கிறது. நியாயம். அதற்கடுத்து, சைக்கிளின் வசதிக்காக யாரும் எதையும் செய்ய வேண்டிய கடமை இல்லை என்றும் இருக்கிறது. முன்பெல்லாம் இதைப் படித்தால் எரிச்சல் வரும், நம்மை இரண்டாந்தரமாக வைத்திருக்கிறார்களே என்று. இப்போது வேறொன்று உறுத்துகிறது. எனக்காக யாருக்கும் கடமை இல்லை, எனக்கும் அந்த வழியின் மேல் எந்தக் கடமையும் சொல்லப்படவில்லை. வழிவிட்டால் போதும். நிரந்தர விருந்தாளி. இலையை எடுக்கச் சொல்லாத வீட்டில் விருந்தாளி எவ்வளவு நாள் நல்லவனாக இருப்பான்?

இரும்புக்காலக் கோட்டைகளின் மண்கரைகளையும் பழைய கல்லறை மேடுகளையும் ஜம்ப் அடிக்கத் தோண்டுகிற ஆட்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அது 1979-ஆம் வருஷச் சட்டப்படி நேரடிக் குற்றம். அதற்கு வாதமே வேண்டாம். காட்டுக்குள் தடம் வெட்டி, வடிகால் எடுத்து, குளிர்காலத்தில் மூடி வைத்து, மண்வெட்டியோடு அலைகிற சைக்கிள்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. நடுவில் இருக்கிற என்னைப் போன்றவர்களைப் பற்றித்தான் பேச்சு. நல்ல மனசு, நல்ல வாதம், கழுவி வைத்த சைக்கிள்.

ஜூலையில் அஃபிங்டன் போனேன். வெள்ளைக் குதிரையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 110 மீட்டர் நீளத்துக்கு நாலு கோட்டில் பாய்கிற ஒரு உருவம், ஏறத்தாழ மூவாயிரம் வருஷப் பழையது. மண்ணைக் கடைசியாக வெயில் தொட்டது எப்போது என்று கண்டுபிடிக்கிற முறையால் தொண்ணூறுகளில் அந்த வயதைக் கணக்கிட்டார்கள். குன்றைச் சும்மா சுரண்டி வரைந்ததல்ல, பள்ளம் தோண்டி சுண்ணாம்பு போட்டு இடித்து நிரப்பியது. கவனிக்காமல் விட்டால் புல் மூடிவிடும். இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானங்களுக்கு அடையாளம் ஆகிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே மூடினார்கள், பிறகு திறந்தார்கள். மற்றபடி யாராவது ஒருத்தர் களையெடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். மதம் மாறியது, மொழி மாறியது, எதற்காக வரைந்தோம் என்பதே மறந்துபோனது, சுத்தம் செய்வது மட்டும் நிற்கவில்லை. ஒரு காலத்தில் அதற்குப் பெரிய திருவிழா எடுத்தார்கள். இப்போது நேஷனல் டிரஸ்ட் தன்னார்வலர்களைக் கூப்பிடுகிறது. ஒரு சுத்தியல், ஒரு வாளி சுண்ணாம்பு, முழங்காலுக்கு ஒரு மெத்தை. மண்டியிட்டுச் சுண்ணாம்பை உடைத்து, மாவாகிற வரைக்கும் அடித்து, பழைய வெள்ளையின் மேல் படிய வைக்க வேண்டும்.

பக்கத்தில் இருந்து பார்த்தால் குதிரையே தெரியாது. மூக்கருகே ஒரு வெள்ளைத் திட்டு, அவ்வளவுதான். எந்தக் காலில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. அரை மணியில் தோள் கழன்றுவிட்டது. பக்கத்தில் ஒரு அம்மா, எழுபது வயசு தாண்டியிருக்கும், நிதானமாக அடித்துக்கொண்டிருந்தார். என் ஹெல்மெட்டைப் பார்த்து, “சைக்கிள்லயா வந்தீங்க? எந்த வழியா?” என்றார். அந்தக் கேட் இருக்கிற ஊர்தான் அவருக்கு.

“இன்னைக்கு மேல் வழியா,” என்றேன். விட்டிருக்கலாம். “ஜனவரியில ஒரு நாள் உங்க ஊர் நடைவழியில இறங்கினேன்.”

“மழைக்கு அப்புறமா?”

“ஆமாம்.”

அவர் சுத்தியலை நிறுத்தவில்லை. “அந்தக் கேட்டுகிட்ட சேறானதுல இருந்து மார்ச் வரைக்கும் நான் அந்தப் பக்கம் நடக்கலை. இடுப்புல ஆபரேஷன் பண்ணது. வழுக்கிடும்னு பயம்.” கொஞ்ச நேரம் அடித்தார். “டிராக்டரும் அங்க திரும்பினதுதான்,” என்றார்.

பிறகு தன் வாளியை எனக்கும் அவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தார். அதில் இன்னும் பாதிக்கு மேல் சுண்ணாம்பு இருந்தது.